காற்றும் கூரையும்

தமிழ்நாட்டில் பெரிய வீடு ஒன்றைக் கண்டால் அதனைப் ‘பங்களா’ என்கிறோம். சுற்றிலும் தோட்டம், வாயிலில் காவலாள், அகன்ற தாழ்வாரம் ஆகியவை அச்சொல்லோடு சேர்ந்தே நம் மனக்கண்முன் வந்து நிற்கின்றன. ஆயினும் அச்சொல் பிறந்த இடம் செல்வரின் மாளிகை அன்று. வங்காள நாட்டு உழவனின் குடிசை. ‘வங்காளத்துக்கு உரியது’ என்பதே அதன் பொருள். பதினேழாம் நூற்றாண்டில் ஹூக்ளி நதிக்கரைக்கு வாணிகம் செய்ய வந்த ஆங்கிலேயர், அந்நாட்டார் மூங்கிலும் வைக்கோலும் கொண்டு அமைத்த குடில்களைப் போன்றே தங்களுக்கும் தங்குமிடங்கள் அமைத்துக்கொண்டனர். பெயரையும் அப்படியே எடுத்துக்கொண்டனர். பின்னர் அச்சொல் ஊர் ஊராகச் சென்று செல்வாக்குப் பெற்றது. குடிசை இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது.

அக்குடிசையின் கூரையை நாம் சற்று நின்று பார்க்கவேண்டும். நம் நாட்டுக் கூரைகளில் முகடு நேர்கோடாக ஓடும். வங்காளக் குடிசையிலோ முகடு நடுவில் உயர்ந்து, இரு முனைகளிலும் வில்லைப்போல் வளைந்து இறங்கும். கீழே இறவாரமும் அவ்வாறே வளைந்து, மூலைகளில் தரையை நோக்கித் தாழ்ந்திருக்கும். மூங்கிலை வளைத்துக் கட்டுவதால் இயல்பாக அமையும் வடிவம் இது. இரண்டு சரிவுகள் கொண்டது தோசாலா; நான்கு சரிவுகள் கொண்டது சார்சாலா. மழைநீர் வைக்கோலில் தங்காமல் விரைந்து வழிய இவ்வளைவு உதவுகிறது. அதனோடு மற்றொரு நன்மையும் உண்டு. இறவாரம் தாழ்ந்திருப்பதால் காற்றுக்குக் கூரையின் அடியில் புகுந்து அதனைத் தூக்க எளிதில் வழி கிடைப்பதில்லை.

இவ்வடிவின் அழகு அரசர் உள்ளத்தையும் கவர்ந்தது. விஷ்ணுபுரத்து மல்ல மன்னர்கள் 1655ஆம் ஆண்டில் எழுப்பிய ஜோட் பங்களாக் கோயில், இரண்டு குடிசைகளை அடுத்தடுத்து வைத்தாற்போலச் செங்கல்லில் கட்டப்பட்டது. அதற்கும் முன்னரே ஷாஜஹான் ஆக்ரா கோட்டையின் அரண்மனை மண்டபங்களுக்கு இவ்வளைந்த கூரையை இட்டிருந்தார். இராஜபுத்தான அரண்மனைகளின் மாடங்களிலும் அதனைக் காணலாம். புயலையே அறியாத பாலை நிலத்தில் அது வெறும் அணியாக நின்றது. மூங்கிலின் நெகிழ்வு கல்லில் இல்லை. கல்லுக்கு அது தேவையும் இல்லை.

ஆங்கிலேயரின் பங்களாவுக்கு நேர்ந்தது வேறு. வெயிலுக்கு அஞ்சிய அவர்கள் கூரையை உயர்த்தினார்கள். காற்றோட்டத்துக்காக இறவாரத்தை மேலே கொண்டுசென்று, அதன் அடியில் அகன்ற தாழ்வாரத்தை விரித்தார்கள். வெப்பம் குறைந்தது உண்மையே. ஆனால் தாழ்வாரத்தின்மேல் நீண்டு நிற்கும் கூரை, பெருங்காற்றை அடியில் வாங்கிக்கொள்ளும் பாய் போன்றது. தாழ்வாரத்துக்குத் தனிக் கூரை அமைக்கவேண்டும், அது பறந்தாலும் வீட்டுக் கூரையை உடன் இழுத்துச் செல்லாதவாறு பிரித்துவைக்கவேண்டும் என்று இன்றைய பொறியாளர்கள் வற்புறுத்துகிறார்கள். பங்களா என்னும் பெயரைப் பெற்றுக்கொண்டவர்கள், தாழ்ந்து பதுங்கும் அதன் குணத்தைக் கைவிட்டார்கள் என்றே கூறவேண்டும்.

இனிக் காற்றைப்பற்றி ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு ‘புயல்’ என்ற சொல்லில் ஒரு குறை எப்போதும் தோன்றுவதுண்டு. அக்காற்று சுழல்வது என்பதை அச்சொல் காட்டுவதில்லை. ‘சைக்ளோன்’ என்னும் ஆங்கிலச் சொல் அதனைக் காட்டவேண்டும் என்றே ஆக்கப்பட்டது. அது ஆக்கப்பட்ட இடமும் அன்றைய கல்கத்தாவே. அங்கு வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்பவர், வங்கக் கடலின் புயல்களில் அகப்பட்ட கப்பல்களின் குறிப்பேடுகளைத் திரட்டி ஆராய்ந்து, காற்று ஒரு மையத்தைச் சுற்றிப் பாம்பு சுருண்டாற்போலச் சுழல்கிறது என்று காட்டி, வட்டத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1848ஆம் ஆண்டில் அப்பெயரை அமைத்தார். மாத்லா ஆற்றின் கரையில் புதிய துறைமுகம் அமைக்க அரசாங்கம் எண்ணியபோது, புயலும் கடற்பெருக்கும் அதனை அழிக்கும் என்று 1853ஆம் ஆண்டில் தல்ஹௌசிப் பிரபுவுக்கு எழுதி எச்சரித்தவரும் அவரே. எச்சரிக்கையைப் பொருட்படுத்தாது கானிங் துறைமுகம் கட்டப்பட்டது. 1867ஆம் ஆண்டுப் புயல் அதனைச் சிதைத்தது. அவ்வழிவைக் காணப் பிடிங்டன் உயிரோடு இல்லை. இதற்கிடையே 1864 அக்டோபர் 5ஆம் நாள் கல்கத்தாவைத் தாக்கிய புயலிலும் அதனோடு வந்த கடற்பெருக்கிலும் பல்லாயிரம் மக்கள் மாண்டனர். அப்பேரழிவும் அதனை அடுத்து வந்த மழைப் பொய்ப்பும் சேர்ந்தே 1875ஆம் ஆண்டில் இந்திய வானிலைத் துறை தோன்றக் காரணமாயின.

காற்று சுழல்கிறது என்பதால் வீட்டுக்கு என்ன? வீட்டுக்குத்தான் முக்கியம். புயலின் ஒரு பாதி வடக்கிலிருந்து அடித்தால், மையம் கடந்து, சிறிது நேரம் அமைதி நிலவிய பின்னர் மறுபாதி தெற்கிலிருந்து அடிக்கும். ஆதலின் வீட்டுக்குக் ‘காற்றுப் பக்கம்’ என்று ஒன்றை வகுத்து, அதனை மட்டும் காத்துக்கொள்ள இயலாது. இரு சரிவுக் கூரையில் முனைகளில் முக்கோணச் சுவர் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். காற்று அப்பக்கம் திரும்பியதும் முதலில் விழுவது அதுவே. நாற்சரிவுக் கூரை எத்திசையிலும் சரிந்த முதுகையே காட்டும்.

இவ்வுண்மையை வடக்கு ஆந்திரக் கடற்கரையின் சிற்றூர் மக்கள் நூல் எதுவும் கல்லாமலே கண்டிருந்தனர். சிகாகுளம், விஜயநகரம், விசாகப்பட்டினம் மாவட்டங்களில் அவர்கள் கட்டிய வீடு வட்டமானது. வட்டமான மண் சுவர். அதன்மேல் கூம்பாக எழுந்து ஏறக்குறையத் தரைவரை இறங்கும் பனையோலைக் கூரை. ‘சுட்டில்லு’ என்பது அதன் பெயர். நம் ‘சுற்று’ என்னும் சொல்லும் ‘இல்’ என்னும் சொல்லுமே அங்கு தெலுங்கு உடை உடுத்தி நிற்கின்றன என்பதைத் தமிழன்பர்கள் உடனே உணர்வார்கள். மூலையே இல்லாத அவ்வீட்டில் காற்று பற்றிக்கொள்ள இடமில்லை. இருபுறமும் வழுக்கிச் செல்லும். விசாகப்பட்டினத்தில் குடியேறி வாழும் நம்மவருள் பலர் ஊருக்கு வெளியே செல்லும்போது இத்தகைய வீடுகளைக் கண்டிருக்கலாம். அவை இன்று அருகி வருகின்றன.

கூரை கனமாக இருந்தால் காற்றுக்கு அசையாது என்று பலரும் கருதுகிறார்கள். இது பாதியே உண்மை. காற்று கூரையை அழுத்துவதைவிடத் தூக்குவதே மிகுதி. சரிவின்மேல் ஏறி விரைந்து ஓடும்போது அது மேலே ஓர் இழுவையை உண்டாக்குகிறது. கதவோ சன்னலோ திறந்துகொண்டால் உள்ளே புகுந்த காற்று கீழிருந்து தள்ளவும் செய்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பு நாட்டைக் காற்றின் வேகத்தால் ஆறு மண்டலங்களாக வகுத்துள்ளது. பெங்களூர் வினாடிக்கு 33 மீட்டர் வேகத்திலும், மும்பை 44 மீட்டரிலும், சென்னையும் கொல்கத்தாவும் 50 மீட்டரிலும் அடங்கும். மணிக்கணக்கில் கூறினால் கொல்கத்தாவுக்கு உரியது 180 கிலோமீட்டர் வேகம். பெங்களூரின் வேகத்தைப்போல் இது ஒன்றரை மடங்கே. ஆனால் காற்றின் விசை வேகத்தின் வர்க்கமாக வளர்வது; ஆதலின் விசை இரண்டேகால் மடங்குக்கு மேலாகிறது. ஒரு சதுர மீட்டர்ப் பரப்பின்மேல் 33 மீட்டர் வேகக் காற்று சுமார் 67 கிலோ எடைக்கு இணையான விசையைச் செலுத்தும். 50 மீட்டர் வேகக் காற்று செலுத்துவது சுமார் 153 கிலோ. கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் இழுவை இதனையும் மிஞ்சும்.

இனி எடைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். துத்தநாகம் பூசிய தகரக் கூரை சதுர மீட்டருக்கு ஐந்தாறு கிலோ. மங்களூர் ஓடு வேய்ந்த கூரை 40, 45 கிலோ. இரண்டுமே எடையை மட்டும் நம்பிப் பெரும்புயலை எதிர்த்து நிற்கமுடியாது. நான்கு அங்குலக் கான்கிரீட் தளம் ஏறக்குறைய 250 கிலோ; அது ஒன்றே தன் பாரத்தால் நிற்கக்கூடியது. மற்றவை அனைத்தும் கட்டினால்தான் நிற்கும்.

மங்களூர் ஓட்டின் வரலாறும் சுவையானது. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் கிலார்டோனி சகோதரர்கள் 1841ஆம் ஆண்டில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ஓட்டுக்கு உரிமை பெற்றார்கள். அவ்வகை ஓட்டை 1865ஆம் ஆண்டில் மங்களூரில் செய்யத் தொடங்கியது பாசல் மிஷன். தொழிற்சாலையை அமைத்தவர் கியார்க் பிளெப்ஸ்ட் என்பவர். நம் நாட்டு ஓடு வெறுமனே ஒன்றன்மேல் ஒன்று கவிழ்ந்து கிடப்பது. குரங்கு ஓடினாலே கலைந்துவிடும். புதிய ஓடு அடியிலுள்ள பற்களால் சட்டத்தைப் பற்றிக்கொண்டது. பக்கத்து ஓட்டோடு வரம்பால் இணைந்துகொண்டது. மேற்குக் கரையின் பருவக்காற்றுக்கு அது போதுமானதாயிற்று. கேரளம் முழுவதும் பரவி, நம் ஊர்களிலும் ‘சீமை ஓடு’ என்று பெயர் பெற்றது. ஆயினும் அதன் பல், ஓடு கீழே வழுக்காமல் காப்பதே அன்றி மேலே எழாமல் காப்பதன்று. கிழக்குக் கரையின் புயலில் ஓட்டை நிறுத்தவேண்டுமானால் கம்பியால் சட்டத்தோடு பிணைக்கவேண்டும். முகட்டையும் ஓர வரிசைகளையும் சாந்திட்டு இறுக்கவேண்டும். பிணைக்காத ஓடு புயலில் எறிகல்லாகும்.

தகரத்தின் கதையே நம் கதையின் துயரமான பகுதி. அலையலையாக வளைத்த இரும்புத் தகட்டுக்கு லண்டன் துறைமுகப் பொறியாளர் ஹென்றி பாமர் 1829ஆம் ஆண்டில் உரிமை பெற்றார். அடுத்த பத்தாண்டுக்குள் துத்தநாகம் பூசித் துருவைத் தடுக்கும் முறையும் வந்தது. எடை குறைவு, ஏற்றுமதிக்கு எளிது, தீப்பற்றாது, ஆண்டுதோறும் புதிதாக வேயும் தொல்லை இல்லை. 1897 ஜூன் 12ஆம் நாள் அசாமையும் ஷில்லாங்கையும் குலுக்கிய பெரு நிலநடுக்கத்தில் கல் வீடுகள் விழுந்தபின், மரச்சட்டமும் நாணல் சுவரும் தகரக் கூரையுமாக எழுந்த ‘அசாம் வகை’ வீடு அப்பகுதிக்கே அடையாளமாயிற்று. அங்கு இலேசான கூரை உயிர் காத்தது. ஆனால் வங்கத்திலும் ஒரிசாவிலும் ஆந்திரத்திலும் தகரம் குடிசையின் வைக்கோலை நீக்கிவிட்டு அதன் இடத்தில் அமர்ந்தபோது, வளைந்த முகடும் தாழ்ந்த இறவாரமும் உடன் வரவில்லை. தட்டையான தகடு தட்டையான கூரையையே விரும்பிற்று. கயிறும் பிரம்பும் கொண்டு நூறு இடங்களில் கட்டிய கட்டு போய், ஆங்காங்கே சில ஆணிகள் வந்தன. சிலர் ஆணிகூட அடிக்காமல் செங்கல்லைப் பாரம் வைத்தார்கள்; இன்றும் வைக்கிறார்கள். வைக்கோல் கூரை பிய்ந்துபோனால் வைக்கோலாகவே பறக்கும். பறக்கும் தகடோ வாளுக்கு ஒப்பானது.

இருபதாம் நூற்றாண்டில் கல்நார் சிமெண்டுத் தகடு வந்து சேர்ந்தது. அது துருப்பிடிப்பதில்லை, ஆனால் வளைந்துகொடுப்பதும் இல்லை, நொறுங்கிவிடும். அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு விளைப்பது என்பதும் இன்று நன்கு தெரிந்த செய்தி.

1977 நவம்பர் 19ஆம் நாள் கிருஷ்ணை ஆற்றின் கழிமுகத்தில் திவிசீமையைப் புயல் தாக்கியபோது பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். 1999 அக்டோபர் 29ஆம் நாள் ஒரிசாவில் மணிக்கு சுமார் 260 கிலோமீட்டர் வேகத்தில் கரையேறிய பெரும்புயலிலும் ஏறக்குறைய அத்தனை பேரே மாண்டனர். இவ்விரண்டிலும் பெரும்பாலான உயிர்களைக் கொண்டுசென்றது கடல்நீர்; கூரை எதுவும் அதனைத் தடுத்திருக்க முடியாது. அதன்பின் அரசு புயல் காப்பகங்களைக் கட்டிற்று, முன்னறிவிப்பும் செம்மையுற்றது. 2019 மே 3ஆம் நாள் பானி புயல் பூரிக்கு அருகே கரையேறுமுன் சுமார் 12 இலட்சம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். ஒடிசாவில் இறந்தோர் தொகை நூற்றையும் எட்டவில்லை. உலகம் வியந்து பாராட்டிய செயல் இது. ஆனால் காப்பகத்திலிருந்து வீடு திரும்பியவர்கள் கண்டது என்ன? இலட்சக்கணக்கான வீடுகள் சேதமுற்றிருந்தன. மேலே வானம் தெரிந்தது. உயிரைக் காக்கும் வழியை நாம் கற்றுக்கொண்ட அளவுக்குக் கூரையைக் காக்கும் வழியைக் கற்றுக்கொள்ளவில்லை. இது ஏழையின் குறை மட்டும் அன்று. 2014 அக்டோபர் 12ஆம் நாள் ஹுத்ஹுத் புயலில் விசாகப்பட்டினம் விமான நிலையத்தின் கூரையே பெரும் சேதமடைந்தது. 2018 நவம்பரில் கஜா புயலின்போது நம் தஞ்சைக் கடற்பகுதியிலும் ஓடும் தகரமும் கீற்றும் ஒருசேரப் பறந்ததை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

கடற்கரையை விட்டு மலைக்குச் சென்றால் கூரை வேறு உருக்கொள்கிறது. இமயமலைச் சாரலில் தேவதாரு மரத்தைப் பிளந்து, சிறு பலகைகளாக்கி, மீன் செதில்போல் அடுக்கி வேய்வது பழைய வழக்கம். மணாலியில் 1553ஆம் ஆண்டில் எழுந்த ஹிடிம்பை கோயிலின் கீழ் அடுக்குகளில் இத்தகைய மரக் கூரையை இன்றும் காணலாம். காங்கடாப் பள்ளத்தாக்கில் பலகைக் கல்லைத் தகடாகப் பிளந்து வேய்ந்தார்கள். பனிக்கும் காற்றுக்கும் அது அசையாது நின்றது. ஆனால் 1905 ஏப்ரல் 4ஆம் நாள் அங்கு பூமி குலுங்கியபோது கல் சுவரும் கற்கூரையும் உறங்கியவர்மேல் விழுந்தன. சுமார் 20,000 பேர் இறந்தனர். காற்றுக்கு விடையாகப் பாரத்தைத் தேடுவோர் இதனையும் நினைவிற்கொள்ளவேண்டும்.

செதில் கூரையின் இன்றைய வாரிசு ‘சிங்கிள்’ என்று கடைகளில் விற்கப்படும் தார்ப்பூச்சுத் தகடு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸ் நகரத்தில் ஹென்றி ரெனால்ட்ஸ் என்பவர் 1903ஆம் ஆண்டளவில் தார்ச் சுருளைத் துண்டு துண்டாக வெட்டி விற்கத் தொடங்கியதே இதன் பிறப்பு. நம் நாட்டிலும் மலைநகர் விடுதிகளுக்கும் புறநகர் வீடுகளுக்கும் இதனை இடுவோர் பெருகி வருகிறார்கள். இங்கும் பழைய பாடமே திரும்ப வருகிறது. ஒவ்வொரு துண்டின் அடியிலும் ஒரு பசைப்பட்டை உண்டு. வெயிலில் இளகி அடுத்த துண்டோடு ஒட்டிக்கொண்ட பின்னரே கூரை ஒன்றாகிறது. குளிர்காலத்தில் வேய்ந்தால் அது ஒட்டுமுன்பே காற்று வந்துவிடலாம். துண்டு ஒன்றுக்கு நான்கு ஆணி என்பது பொது வழக்கு. காற்று மிகுந்த இடத்தில் ஆறு. இந்த இரண்டு ஆணிகளின் வேறுபாடு விலைப்பட்டியலில் தெரியாது. வேலையாள் ஏணியில் நிற்கும்போதுதான் தெரியும். சோதனையில் மணிக்கு 177 கிலோமீட்டர் வேகத்தைத் தாங்கியவை ‘எஃப்’ வகுப்பு என்றும், வேறொரு சோதனைமுறையில் 241 கிலோமீட்டருக்குத் தகுதி பெற்றவை ‘எச்’ வகுப்பு என்றும் குறிக்கப்படுகின்றன. கடைக்காரர் நிறத்தைக் காட்டும்போது வகுப்பைக் கேட்பது நலம்.

பிற மாநிலங்களில் சொந்த வீடு கட்டிக்கொண்ட நம்மவர் பலரும் கான்கிரீட் தளத்தின்கீழ் அச்சமின்றி இருக்கிறார்கள். அச்சத்துக்கு இடம் தருவது அத்தளத்தின்மேல், துணி உலர்த்தவும் விருந்தினரைத் தங்கவைக்கவும் பின்னர் எழுப்பப்படும் தகரக் கொட்டகை. பக்கச் சுவர் இல்லாத அக்கொட்டகை, தரையிலிருந்து மூன்று ஆள் உயரத்துக்கு மேலே, காற்றின் வேகம் மிகுந்த இடத்தில் நிற்கிறது. அதனைத் தகட்டின் அலைமேட்டில் வாஷரோடு இறுக்கிய கொக்கி போல்ட்டுகளால் சட்டத்தோடு பிணைக்கவேண்டும். ஓரங்களிலும் முகட்டிலும் போல்ட்டுகள் நெருங்கியிருக்கவேண்டும். சட்டம் தூணோடும், தூண் தளத்தின் கம்பியோடும் பிணைந்திருக்கவேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் கொட்டகை அண்டை வீட்டாரின் முற்றத்தில் கிடக்கும்.

வங்காளத்தில் கூரை வேய்பவருக்குக் ‘கராமி’ என்று பெயர். ‘கர்’ என்றால் வீடு. கொத்தனும் தச்சனும் இருக்க, வீட்டின் பெயரை அம்மொழி கூரை வேய்பவனுக்கே கொடுத்தது. சித்திரை, வைகாசி மாதங்களில் மாலை நேரத்தில் வடமேற்கிலிருந்து திடீரென எழும் ‘கால்பைசாகி’ச் சூறைக்கு முன்னால் கட்டுகளைப் பார்த்து இறுக்கவேண்டியவன் அவன். தகரம் வந்தபின் அவனை அழைப்பார் குறைந்தார்கள்.